ஆறே நகர்த்தலில் ஆனந்த் தோற்ற ஆட்டம்

பெரிய செஸ் வீரர்கள்கூடச் சில நகர்த்தல்களிலேயே தோற்றதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நம்ம ஆனந்தே 6 நகர்த்தலில் தோற்றிருக்கிறார்.

1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக அவர் ஆன அதே வருடம், வயது 18. எதிரே வெள்ளைக் காய்களுடன் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. பெட்ராஃப் என்ற தொடக்க முறை, இரண்டு பக்க ராஜா சிப்பாய்களும் வெட்டுப்பட்டுவிட்டன. இ4 கட்டத்தில் நிற்கும் தன் குதிரைக்குத் துணையாக ஆனந்த் பிஷப்பை எஃப்5-இல் வைத்தார். சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ2-இல் வைத்தார். அவ்வளவுதான், ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

செஸ் கற்க வரும் பிள்ளைகளுக்கு இந்த நிலையை அடுக்கி வைத்து, "குதிரையைக் காப்பாத்து, பார்க்கலாம்" என்பேன். முதலில் குதிரையையே தூக்குவார்கள். பின்னால் ராஜா இருக்கிறது, குதிரை விலகினால் ராணியின் செக் விழும், அதனால் நகரக் கூடாது. சரி, டி5-க்குச் சிப்பாயைத் தள்ளித் தாங்குவார்கள். வெள்ளை தன் சிப்பாயை டி3-க்கு நகர்த்தினால் குதிரை போச்சு. அப்புறம் ராணியை இ7-க்குக் கொண்டுவருவார்கள். வெள்ளைக் குதிரை டி5-இல் வந்து ராணியை விரட்டும். அதற்குமேல் கை போர்டின் மேலேயே நின்றுவிடும்.

அந்த பிஷப் நகர்த்தல் புதிதும் அல்ல. முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸுக்கு எதிராக லாரி கிறிஸ்டியான்சன் அதையே ஆடினார். மைல்ஸ் ராணியை இ2-இல் வைக்காமல் குதிரையை வெட்டினார், ஆட்டம் டிரா ஆனது. கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிரா ஆன வழி என்றால் நம்பத்தான் தோன்றும்.

அழகு என்று பார்த்தால் 1910-இல் வியன்னாவில் ரேட்டி ராணியைப் பலி கொடுத்து டார்டகோவரை 11 நகர்த்தலில் மேட் செய்த ஆட்டம்தான். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது, அதே கிறிஸ்டியான்சன் 1993-இல் நெதர்லாந்தின் வெய்க் ஆன் சேயில் முன்னாள் உலக சாம்பியன் கார்போவை 12 நகர்த்தலில் வென்றது. கார்போவின் குதிரை எச்5-இல், பிஷப் டி6-இல். இரண்டுக்கும் காவல் இல்லை. கிறிஸ்டியான்சன் சி2-இல் இருந்த ராணியை, அது முதலில் நின்ற டி1-க்கே திருப்பி வைத்தார். ஒரே நேரத்தில் இரண்டின் மேலும் குறி. இதையும் பிள்ளைகளிடம் கேட்பேன். எல்லோரும் செக் வைக்க வழி தேடுவார்கள். ராணி பின்னால் போகலாம் என்று சட்டென யாருக்கும் தோன்றாது.