மாதம் 25 பவுண்டு 'வரியில்லாத் திட்டம்': தொடரலாமா, விடலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். இருவருக்கும் வேலை, சம்பளம் 20 சதவீத வரி வரம்புக்குள்தான். மகளுக்கு 4 வயது. அவள் பெயரில் மாதம் 25 பவுண்டு கட்டும் பிரண்ட்லி சொசைட்டி சேமிப்புத் திட்டம் ஒன்றில் என் கணவர் பத்து நாளைக்கு முன்னால் சேர்ந்துவிட்டார். முதிர்வுத் தொகைக்கு வரியே கிடையாதாம், 50 பவுண்டு கிஃப்ட் கார்டும் தருகிறார்களாம். தொடரலாமா?

பதில்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் விட்டுவிடுவேன். அதற்காகத் திட்டத்தை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். பிரண்ட்லி சொசைட்டி என்பது கிட்டத்தட்ட நம் ஊர் மரண உதவிச் சங்கம் மாதிரிதான். தொழிலாளர்கள் வாரா வாரம் சில்லறை போட்டு, நோய்க்கும் சாவுக்கும் எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 1793-லேயே இவற்றுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை வந்ததும் பழைய வேலை பெரும்பாலும் போய்விட்டது. அரசு கொடுத்த வரிச்சலுகை மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. அதைத்தான் உங்கள் கணவரிடம் விற்றிருக்கிறார்கள்.

சலுகை உண்மையானது, ஆனால் சின்னது. வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் 270 பவுண்டு, மாதா மாதம் என்றால் 25 பவுண்டு. ஒருவருக்கு எல்லாச் சங்கங்களிலும் சேர்த்தே இவ்வளவுதான். 1995-இல் வைத்த உச்சவரம்பு. அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இது அங்கேயே நிற்கிறது. குறைந்தது பத்து வருடம் கட்ட வேண்டும். சட்டப்படி இது ஆயுள் காப்பீட்டு பாலிசி என்பதால் கொஞ்சம் காப்பீடும் ஒட்டிக்கொண்டிருக்கும். 4 வயதுக் குழந்தைக்கு அது எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சரி, வரி இல்லை என்கிறார்கள். யாருடைய வரி? உங்கள் மகளுக்கு இப்போது வருமானமே இல்லை. அவள் பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருந்தாலும் வட்டிக்கு வரி கட்டும் நிலை வராது. ஒரே ஒரு விதியைத்தான் கவனிக்க வேண்டும்: பெற்றோர் கொடுத்த பணத்துக்கு வரும் வட்டி, அம்மா, அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருடத்துக்கு 100 பவுண்டைத் தாண்டினால், அது அந்தப் பெற்றோரின் வருமானமாகிவிடும். 4 சதவீத வட்டியில் 100 பவுண்டு வர 2,500 பவுண்டு சேர்ந்திருக்க வேண்டும். மாதம் 25 போட்டு அங்கே போய்ச் சேரவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். தாண்டினாலும் என்ன? உங்கள் வரி வரம்பில் இருப்பவருக்கு வருடம் 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரி கிடையாது. உங்களுக்கு வேறு பெரிய சேமிப்பு இல்லையென்றால், இந்தத் திட்டம் மிச்சப்படுத்தும் வரி பூஜ்யம்.

செலவு மட்டும் பூஜ்யம் இல்லை. மாதம் 25 வீதம் பத்து வருடத்தில் நீங்கள் கட்டுவது 3,000 பவுண்டு. முதலீடு வருடம் 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லையென்றால் சுமார் 3,880 ஆகும். கட்டணமாக வருடம் ஒன்றரை சதவீதம் போனால் 3,585 சொச்சம்தான். கிட்டத்தட்ட 300 பவுண்டு, அதாவது ஒரு முழு வருடத் தவணை, போய்விடுகிறது. இது நான் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. உங்கள் திட்டத்தின் உண்மையான செலவு, சேரும்போது கொடுக்கும் 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' என்ற தாளில் ஒரு அட்டவணையாக இருக்கும். கிஃப்ட் கார்டு விளம்பரத்தில் பெரிய எழுத்து; அட்டவணை எங்கேயாவது இரண்டாம் பக்கத்தில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள்.

இந்த வகைத் திட்டங்களில் பல 'வித்-பிராஃபிட்ஸ்' முறையில் நடப்பவை. நல்ல விளைச்சல் வருடத்தில் கொஞ்சத்தைக் குதிரில் போட்டு வைத்து, பொய்த்த வருடத்தில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி, லாபத்தைச் சமன்செய்து போனஸாகத் தருவார்கள். சந்தை ஆட்டம் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் குதிரில் எவ்வளவு இருக்கிறது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சந்தை விழுந்திருக்கும் நேரத்தில் நடுவில் வெளியேறினால் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்று வருடம் கட்டி, 900 பவுண்டு போட்ட பிறகு வேலை போய் நிறுத்தினீர்கள் என்றால், போட்டதைவிடக் குறைவாகத் திரும்பி வரலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடிக்காததே இதுதான்.

அப்படியானால் யாருக்குத்தான் இது? ஐசா (ISA) என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் வருடம் 20,000 பவுண்டு வரம்பை நிரப்பிவிட்டு இன்னும் இடம் தேடுபவருக்கு. 45 சதவீத வரி கட்டுபவருக்கு; அவருக்கு நான் சொன்ன அந்த 1,000 பவுண்டு வட்டிச் சலுகை ஒரு பவுண்டுகூடக் கிடையாது. அப்புறம், கைக்கு எட்டினால் எடுத்துச் செலவழித்துவிடும் ஆசாமிகளுக்கு. கட்டாயத்துக்காகவே சீட்டுக் கட்டுகிறவர்களை நமக்குத் தெரியாதா? அந்தக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சங்கம் திவாலானால் என்ன என்ற பயம் மட்டும் வேண்டாம். இது நீண்டகாலக் காப்பீடு என்பதால் சட்டப்படி இயங்கும் இழப்பீட்டுத் திட்டம் (FSCS) முழுத் தொகைக்கும் பொறுப்பு. சந்தையில் வரும் நஷ்டத்துக்கு அல்ல.

உங்களுக்கு நான் சொல்வது ஜூனியர் ஐசா, அதாவது குழந்தை பெயரில் திறக்கும் ஐசா. வருடம் 9,000 பவுண்டு வரை போடலாம், அதற்கும் வரி இல்லை, நான் சொன்ன 100 பவுண்டு விதியும் அங்கே செல்லாது. ஒரு மாதம் கட்ட முடியாவிட்டால் தண்டனை கிடையாது. கையில் 14 வருடம் இருப்பதால் பங்குச் சந்தை வகையில், குறியீட்டைப் பின்தொடரும் மலிவான இன்டெக்ஸ் ஃபண்டைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் உண்டு; ஆனால் தேடிப் பார்த்தால் மொத்தச் செலவு அரை சதவீதம் அளவில் முடியும் கணக்குகள் கிடைக்கும். ஒன்று மட்டும்: 18 வயது வரை யாரும் தொட முடியாது, 18 ஆனதும் முழுப் பணமும் மகளுடையது. பல்கலைக்கழகத்துக்கென்று நீங்கள் சேர்த்ததை அவள் ஒரு பழைய காருக்குக் கொடுத்தால் தடுக்க வழியில்லை. அது உறுத்தினால், உங்கள் பெயரிலேயே ஐசா திறந்து மகளுக்கென்று மனதில் ஒதுக்கி வையுங்கள். எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில்.

சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது என்பது நல்லதாகப் போயிற்று. ஆயுள் காப்பீட்டு பாலிசியை ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். கட்டியது திரும்பி வரும். வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள், அது ரத்து ஆகாது, தவணை தவறியதாகத்தான் பதிவாகும். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் கணவர் எழுத்தில் ரத்து கேட்கட்டும், பதில் வந்த பிறகு டெபிட்டை நிறுத்துங்கள். கிஃப்ட் கார்டு பெரும்பாலும் சில தவணை கட்டிய பிறகுதான் வரும். வந்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள், செலவழிக்காமல் வையுங்கள்.