இன்டெக்ஸ் ஃபண்டா, எனக்குத் தெரிந்த துறைப் பங்குகளா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும். இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதா, எனக்குப் பழக்கமான வங்கிப் பங்குகளை நானே பார்த்து வாங்குவதா?

பதில்: ஒன்பதாயிரத்தை இன்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள், அதாவது ஒரு பங்குப் பட்டியலில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் பணத்தைப் பிரித்துப் போடும் ஃபண்டில். மீதி ஆயிரத்துக்கு ஆசைப்பட்ட பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிப் பங்கு மட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் ரப்பர் விளை, அதாவது தோட்டம். அப்பா விடியும் முன்பே பால் வெட்டுக்குப் போய்விடுவார். பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் இழுத்து, புகையில் காய வைத்து ஷீட் ஆக்குவோம். கடைக்குக் கொண்டுபோனால் வியாபாரி ஒவ்வொரு ஷீட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே ஒரு குமிழ், ஒரு தூசி தெரிந்தால் போதும், ரகம் ஒருபடி இறங்கிவிடும். பள்ளிக்கூடம் போகும்போதே எனக்கு அந்தக் கண் வந்துவிட்டது. அவர் தூக்கிப் பிடிக்கும் முன்பே இது நாலாம் ரகம், இது ஐந்தாம் ரகம் என்று சொல்லிவிடுவேன்.

2011-ல் நாலாம் ரக ஷீட் கிலோ 240 ரூபாய் பக்கம் போனது. ஊரே ரப்பர் பேச்சுதான். நான் அப்போதுதான் பங்குகளை வைத்துக்கொள்ளும் டிமேட் கணக்கு தொடங்கியிருந்தேன். ‘தெரிந்த துறையில் வாங்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள் இல்லையா, எனக்குத் தெரிந்தது ரப்பர். ஒரு தோட்டக் கம்பெனிப் பங்கில் 1,20,000 ரூபாயைப் போட்டேன். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: “மக்கா, நம்ம விளையில நிக்கதே ரப்பராக்கும். பின்ன எதுக்கு பைசா குடுத்து அதையே வாங்குன?”

பங்குச் சந்தை பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

2016 தொடக்கத்தில் ஷீட் விலை நூறு ரூபாய்க்கும் கீழே போனது. வெட்டுக்கூலி கொடுத்தால் மிச்சமில்லை என்று பக்கத்து விளைகளில் வெட்டையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வரும்படி இல்லாத அதே மாதங்களில் என் பங்கும் படுத்துக் கிடந்தது. தங்கையின் கல்யாணச் செலவுக்காக விற்றேன். கைக்கு வந்தது 45,000. கையில் காசில்லாத நேரம் பார்த்துத்தான் பங்கும் விழும், ஏனென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், அதே ஐந்து வருடத்தில் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். பங்கு பத்தாயிரத்துக்குக் கீழே இருந்து முப்பதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. ரப்பர் மலிவு மட்டுமே காரணம் இல்லை. ஆனால் டயர் செய்கிறவனுக்கு ரப்பர் என்பது செலவுக் கணக்கு, நமக்கு அது வரவு. இந்தச் சின்ன விஷயம், ஷீட்டை வெளிச்சத்தில் பார்த்து ரகம் சொன்ன எனக்குத் தோன்றவே இல்லை. சரக்கைத் தெரிந்தவனுக்குப் பங்கு தெரியும் என்று அர்த்தமில்லை.

இப்போது உங்கள் விஷயம். சம்பளம் வங்கியிலிருந்து வருகிறது. வீட்டுக்கடனும் அங்கேயே குறைந்த வட்டிக்கு வாங்கியிருப்பீர்கள். வங்கித் துறைக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் போனஸ் நிற்கும், வேறு வங்கியில் வேலை தேடினாலும் கதவு சாத்தியிருக்கும், பங்கும் அன்றைக்கே விழும். போதாததற்கு, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியலான நிஃப்டி 50 ஃபண்ட் வாங்கினாலே அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கியும் நிதி நிறுவனங்களும்தான்.

இன்டெக்ஸ் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. 2009 ஜனவரியில் சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்கு மோசடி வெளியே வந்ததும், சில நாட்களில் அதை நிஃப்டியிலிருந்து தூக்கிவிட்டு ரிலையன்ஸ் கேப்பிடல் என்ற நிதி நிறுவனத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கம்பெனி என்ன ஆனது? பின்னால் அதுவும் பட்டியலைவிட்டுப் போனது, 2021-ல் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவையே கலைத்தது. இரண்டு முறையும் தப்பான ஆள்தான். ஆனால் ஐம்பதில் ஒருவர், அவ்வளவுதான். ‘இவ்வளவு நாள் வைத்திருந்தோமே’ என்ற பாசம் இன்டெக்ஸுக்குக் கிடையாது. எனக்கு அது ஐந்து வருடம் இருந்தது.

விழாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் இறங்கி 7,610-ல் முடிந்தது. ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த சந்தை. அந்த வாரம் நான் எஸ்.ஐ.பி.யை, அதாவது ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையை, நிறுத்தவில்லை என்று பெருமை பேச ஆசைதான், ஆனால் நிறுத்தும் பக்கம் வரை போனேன். மனைவி திட்டியதால் திரும்பி வந்தேன். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள், சீட்டுப் பணத்தை எடுத்தும் போடாதீர்கள்.

வாங்கும்போது டைரக்ட் பிளான் பாருங்கள், நடுவில் ஏஜென்ட் கமிஷன் இல்லாமல் நேரடியாக வாங்குவது அது. லட்ச ரூபாய்க்கு வருடச் செலவு 200 ரூபாய் அளவில் இருக்கும் ஃபண்டுகள் உண்டு. உங்கள் கிளையில் டார்கெட்டுக்காக எதை விற்கச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதை நீங்களே வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கு எனக்கும் உண்டு. மூன்று கம்பெனி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று டயர் கம்பெனி. ஷீட் விலை இறங்கி அப்பா முகம் வாடியிருக்கும் நாட்களில் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.