தாவர செல்காரருக்கு விலங்கு செல் அரங்கில் என்ன வேலை?

கேள்வி: மருத்துவத் தாவரம் ஒன்றின் செல்களைத் திரவ ஊடகத்தில் வளர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தாவர செல், விலங்கு செல் இரண்டுக்கும் சேர்த்து நடக்கும் மாநாடு ஒன்றில் என் போஸ்டர் தேர்வாகியிருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் பாதிக்கு மேல் விலங்கு செல்தான், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. எந்த அமர்வுகளுக்குப் போவது? போஸ்டரில் எதைப் போடுவது?

பதில்: முதலில் விலங்கு செல் அமர்வுகளுக்குத்தான் போங்கள். தாவர அமர்வில் பேசப்போவதில் பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே படித்த கட்டுரைகளாகத்தான் இருக்கும். ஆனால் உங்களை இப்போது படுத்துகிற தொல்லைகள், அதாவது செல்கள் கொத்துக்கொத்தாகத் திரள்வது, ரியாக்டரில், அதாவது செல்களைப் பெருமளவில் வளர்க்கும் கலனில், நுரை பொங்கி அதோடு செல்களும் மேலேறிச் சுவரில் அப்பிக்கொள்வது, நன்றாக விளைந்துகொண்டிருந்த செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) திடீரென்று மருந்துப் பொருளைச் சுரக்காமல் போவது, இதெல்லாம் வேறு வடிவத்தில் விலங்கு செல்காரர்களுக்கும் வந்தவைதான். சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் தயாரான முதல் மருந்து 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதிலிருந்து பெரும் பணத்தைக் கொட்டி இவற்றுக்கு வழி தேடி வருகிறார்கள். (ஜப்பானில் 1983-லேயே ஷிகோனின் என்ற சிவப்பு நிறமியைத் தாவர செல்லிலிருந்து எடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை அந்த அரங்கில் யாராவது மறந்திருந்தால் நினைவுபடுத்துங்கள்.)

குறிப்பாக செல் வங்கி பற்றிய பேச்சு எதுவானாலும் விடாதீர்கள். அவர்கள் நல்ல வரிசை ஒன்று கிடைத்ததும் நூற்றுக்கணக்கான குப்பிகளில் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டு, ஒவ்வொரு உற்பத்திக்கும் அதிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் தொடங்குகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி வருடக்கணக்கில் ஓட்டுகிறோம், நடுவில் மரபணு மாற்றங்கள் சேர்ந்துவிட்டால் விளைச்சல் ஏன் இறங்கியது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். செல்லுக்குள்ளே பெரிய வெற்றிடப்பை (vacuole) என்ற பையும் அதில் நிறையத் தண்ணீரும் இருப்பதால் தாவர செல்லை உறைய வைப்பது கடினம்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை.

சரி, இரண்டு பக்கமும் சந்திக்கிற இடம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், பேச்சைத் தொடங்க உதவும். கோஷே (Gaucher) நோய் என்பது ஒரு நொதிக் குறைபாட்டால் வரும் பரம்பரை நோய். அதற்குக் கொடுக்கும் நொதியை வெள்ளெலி செல்லில் தயாரித்தால், நோயாளியின் உடலில் உரிய செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ள, நொதியோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வெட்டி அதிலுள்ள மேனோஸ் என்ற சர்க்கரையை வெளியே தெரிய வைக்க வேண்டும். அது தனியாக ஒரு வேலை. அதே நொதியைக் கேரட் செல்லின் வெற்றிடப்பைக்குள் போய்ச் சேரும்படி அமைத்தால் மேனோஸ் தானாகவே வெளியே நிற்கிறது. 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாலிகுளூசரேஸ் ஆல்ஃபா இப்படி வந்ததுதான்.

போஸ்டருக்கு வருவோம். தாவரத்தின் மருத்துவ குணங்களுக்கு ஒரு பத்தி போதும், அதற்குமேல் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். நடுவில் வளர்ச்சி வரைபடத்தைப் பெரிதாகப் போடுங்கள், ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு: அவர்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை உயிருள்ள செல் என்று எண்ணிப் பழகியவர்கள், திரளும் தாவர செல்லை அப்படி எண்ண முடியாது, நீங்கள் உலர் எடைதான் கொடுப்பீர்கள். ஆகவே உலர் எடையோடு உயிருள்ள செல்களின் சதவீதத்தையும், எந்தச் சாயத்தை வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும், எடை இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளில் இரட்டிப்பாகும் செல்லோடு வாழ்கிறவர்கள், உங்களுடைய எண்ணைப் பார்த்ததும் நின்று கேள்வி கேட்பார்கள். ஊடகத்தின் பெயரோடு நிறுத்தாமல் சர்க்கரை அளவு, ஹார்மோன்கள், கார அமில நிலை, குலுக்கும் வேகம் எல்லாவற்றையும் ஒரு சின்ன அட்டவணையில் எழுதிவிடுங்கள், தாவர செல் வளர்ப்பில் பரவலாகப் பயன்படும் முராஷிகே ஸ்கூக் ஊடகம் 1962-இலிருந்து இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்று. காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் வழிகாட்டியிடம் இப்போதே பேசுங்கள். போஸ்டரில் போட்டாலே பகிரங்கப்படுத்தியதாகிவிடும், அமெரிக்காவில் அதற்குப் பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடைக்காது. படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டினாலும் இது மாறாது.

அப்புறம், யாராவது உங்கள் செல் வரிசையைக் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். பையில் குப்பியைப் போட்டுக்கொண்டு போய் நீட்டிவிடாதீர்கள், தாவரப் பொருளை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தாவர நலச் சான்று தேவைப்படும். மின்னஞ்சல் முகவரியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு அனுப்பட்டும்.