பன்னிரண்டு வருஷம் டை போட்டவனுக்குக் கட்டத் தெரியாது

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, திங்கட்கிழமை ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இன்டர்வியூ, டை கட்ட வரவில்லை, வீடியோ பார்த்தால் கை குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் டை போட்டவன்தான் நானும். ஆனால் அது எலாஸ்டிக் டை. முடிச்சு கடையிலேயே போட்டு வந்துவிடும், நாம் கழுத்தில் மாட்டினால் போதும்.

இங்கே முதல் வேலைக்குப் போனபோது கூடத் தங்கியிருந்த பையன் கட்டிவிட்டான். அந்த முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. சாயங்காலம் தளர்த்தித் தலை வழியாகக் கழற்றிக் கதவுக் கொக்கியில் தொங்கவிடுவேன், காலையில் மறுபடி மாட்டிக்கொள்வேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் மதியம் ரசம் சிந்தியது. அலசிவிடலாம் என்று அவிழ்த்தேன், திரும்பக் கட்டத் தெரியாமல் முழித்தேன். கட்டிவிட்டவன் அதற்குள் மான்செஸ்டர் போயிருந்தான். பட்டு டையைத் தண்ணீரில் போடக் கூடாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. காய்ந்தபின் புடலங்காய் மாதிரி முறுக்கிக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவில் கட்டுகிறவர் உங்களைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது உங்களுக்கு இடது. குழப்பம் அங்கேதான். கண்ணாடியும் வேண்டாம். வேட்டியைக் கண்ணாடி பார்த்தா கட்டுகிறோம்? டையும் கைப்பழக்கம்தான்.

காலரைத் தூக்கிவிட்டு டையைக் கழுத்தில் போடுங்கள். அகலமான முனை உங்கள் வலப்பக்கம், குறுகிய முனையைவிட ஒரு அடி கீழே தொங்கட்டும். அகல முனையைக் குறுகியதன் மேலாக இடப்பக்கம் கொண்டு போங்கள். அதன் அடியில் நுழைத்து வலப்பக்கம். மறுபடி மேலாக இடப்பக்கம். இந்தச் சுற்றின்போது ஒரு விரலைச் சுற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கழுத்துப் பக்கம் அடியிலிருந்து மேலே ஏற்றி, விரல் வைத்த இடைவெளி வழியாகக் கீழே இறக்குங்கள். குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளினால் முடிந்தது. முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டால் அவிழ்த்து, தொடக்கத்தில் அகல முனையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கட்டுங்கள்.

இதற்கு ஃபோர்-இன்-ஹேண்ட் என்று பெயர். முடிச்சு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும், அது தப்பில்லை. 1999இல் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் இரண்டு பேர் கணக்குப் போட்டு 85 முடிச்சு வகைகள் உண்டு என்றார்கள். உங்களுக்கு ஒன்று போதும். விண்ட்ஸர் என்கிற பெரிய முடிச்செல்லாம் காலர் விரிந்த சட்டைக்குத்தான் எடுப்பாக இருக்கும்.

டை அவசியமா என்றும் கேட்டீர்கள். 2017இல் இங்கத்து நாடாளுமன்றத்தில் ஆண் உறுப்பினர்கள் டை இல்லாமல் பேசலாம் என்று அப்போதைய சபாநாயகர் சொன்னார். ஆனாலும் கணக்காளர் அலுவலகம், அதுவும் இன்டர்வியூ என்றால் நான் போட்டுக்கொண்டுதான் போவேன். அங்கே யாரும் போடவில்லை என்றால் வேலை கிடைத்தபின் விட்டுவிடலாம்.

கோடு போட்ட டை மட்டும் வாங்காதீர்கள். ரசம் பட்ட டைக்குப் பதிலாக சாரிட்டி ஷாப்பில், அதாவது தர்ம காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடையில், இரண்டு பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன், நீலமும் அரக்குமாகச் சாய்ந்த கோடுகள். அலுவலகத்தில் ஒரு பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார். அரண்மனைக் காவல் படைப்பிரிவுகளின் டையாம் அது. இங்கே பள்ளி, கிளப், படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு உண்டு. விலையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

கோடில்லாத கருநீலமாக ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இருபது தடவை கட்டி அவிழ்த்துப் பாருங்கள். ராத்திரி முழுசாக அவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.