மணி அடிக்கும் முன்பே விற்றுத் தீர்ந்த சண்டை

வாசகர் கேள்விகள்

பழைய உலக சம்பியன் மைக் டைசனும் யூடியூப்பில் பேரெடுத்துக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் போலும் 2024 நவம்பரில் மோதிய சண்டையைப் பற்றி இத்தனை கேள்விகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அதே வாரத்தில் இலங்கை மலையகத்துத் தோட்ட லயங்களில் குத்துச்சண்டைப் பேச்சு இந்த அளவுக்கு ஓடியிருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஒரு மாதமாகப் போனைத் திறந்தாலே டைசன்தான். எடை பார்க்கிற அன்றைக்கு டைசன் போலின் கன்னத்தில் விட்ட ஓர் அறை வேறு. சனிக்கிழமை ஒரு நாள் பேரையும் (நாள் சம்பளத்தையும்) விட்டுவிட்டு எங்கள் லயத்தில் பதினைந்து பேர் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். படம் நின்று நின்று சுற்றியது ஒரு பக்கம். சண்டையைப் பார்த்தால், இரண்டு பேரும் எட்டுச் சுற்று நடந்துவிட்டுப் போனார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

மேடையில் நின்ற இரண்டு பேரும் ஏமாற்றவில்லை தம்பி. 58 வயது மனிதர் 27 வயதுக்காரனுக்கு முன்னால் விழாமல் எட்டுச் சுற்றும் நின்றார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணிப் பார்த்தவர்கள் கணக்கில் டைசனின் குத்துகளில் பட்டது 18, போலின் குத்துகளில் பட்டது 78. அவ்வளவுதான் அந்த உடம்பில் மிச்சம் இருந்தது. நம்மை ஏமாற்றியது அதற்கு முந்திய ஒரு மாதம்.

யோசித்துப் பாருங்கள். ஆண்களின் பெரிய சண்டைகளில் ஒரு சுற்று 3 நிமிடம், இதில் 2 நிமிடம். இவர்களைப் போன்ற கனத்த எடைக்காரர்கள் போடுவது 10 அவுன்ஸ் கையுறை, இதில் 14 அவுன்ஸ், அதாவது பஞ்சு கூடுதல். வயதான மனிதரின் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். யாரும் இதை மறைக்கவும் இல்லை. ஆனால் உங்கள் போனுக்கு வந்த வீடியோக்களில் இதைச் சொன்னது எத்தனை? டைசன் இருபது வயதில் ஆட்களைச் சாய்த்த பழைய காட்சிகளையும் இன்றைக்குப் பயிற்சிப் பையைக் குத்துகிற இரண்டு விநாடியையும் ஒட்டிக் காட்டினார்கள். நாமும் அந்த இருபது வயதுக்காரன்தான் வரப்போகிறான் என்று நம்பிவிட்டோம்.

இதெல்லாம் ஒரு தொழிலாகவே வளர்ந்த கதை. முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்கள்தான் பயிற்சி முகாமுக்குப் போய் எழுதுவார்கள், நல்லதும் எழுதுவார்கள், ஆள் கொழுத்துப்போனால் அதையும் எழுதுவார்கள். 2007இல் டி லா ஹோயாவும் மேவெதரும் மோதியபோது, சண்டையை விற்ற எச்.பி.ஓ. சேனலே '24/7' என்ற தொடரை எடுத்து, முகாமுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கெமராவைக் கொண்டுபோனது. சமைக்கிறதைக் காட்டினார்கள், மேவெதரும் அவருடைய அப்பாவும் பேசாமல் இருப்பதைக் காட்டினார்கள், பார்க்க அருமையாகத்தான் இருந்தது. அந்தச் சண்டையைக் கிட்டத்தட்ட 24 இலட்சம் பேர் காசு கட்டி வாங்கினார்கள், அப்புறம் எல்லாரும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கடைக்காரரே சரக்குக்குச் சான்றிதழ் எழுதுகிற மாதிரி ஆகிப்போனது.

அதிலும் இந்தக் கட்டணச் சண்டைகளில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது. சண்டை நன்றாக இருந்தால் கூடுதல் காசும் வராது, மோசமாக இருந்தால் காசைத் திருப்பியும் தர மாட்டார்கள். அப்படியென்றால் உழைப்பை எங்கே கொட்டுவார்கள்? சண்டைக்கு முந்திய வாரங்களில்தான். 2015 மே 2ஆம் திகதி மேவெதர் – பக்கியாவோ சண்டைக்கு ஒரு வீட்டுக்கு 90, 100 டொலர் என்று வாங்கினார்கள். 46 இலட்சம் பேர் வாங்கினார்கள். கடைசி நேரத்தில் வாங்குகிறவர்கள் குவிந்து கேபிள் கம்பெனிகளால் சமாளிக்க முடியாமல் போக, சண்டையையே தாமதமாகத் தொடங்கினார்கள்.

அந்தச் சண்டையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்து வருடப் பேச்சு, வாரக்கணக்கில் கெமராக்கள், பக்கியாவோ மலையேறி ஓடுவது முதல் அவர் சாப்பிடுகிற சோறு வரை காட்டினார்கள். அவருடைய வலது தோள்பட்டையில் பயிற்சியின்போதே அடிபட்டிருந்தது மட்டும், புள்ளிக் கணக்கில் அவர் தோற்ற பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அடுத்த சில நாட்களில் அந்தத் தோளுக்குச் சத்திரசிகிச்சை. காசு கட்டிப் பார்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்குத் தள்ளுபடியானது. இப்போது டைசன். வயிற்றுப்புண்ணால் சண்டை ஜூலையிலிருந்து நவம்பருக்குத் தள்ளிப்போனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜூன் மாதம் சாகக் கிடந்ததாகவும், பாதி இரத்தம் போய் எட்டு முறை இரத்தம் ஏற்றியதாகவும் அவரே எழுதியது எப்போது? சண்டை முடிந்த பிறகு. முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் பதினைந்து பேரும் அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போயிருப்பீர்கள்.

எடை பார்க்கிற நிகழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெண்களுக்கு இது சட்டென்று புரியும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு என்று கிலோவைக் கழிக்கிறார்களே, அந்தத் தண்ணீரைக் குத்துச்சண்டைக்காரர் தன் உடம்பிலிருந்தே கழித்துவிட்டுத் தராசில் ஏறுகிறார். பல எடை வகுப்புகளில் அதுதான் வழக்கம். மேவெதர் – பக்கியாவோ சண்டைக்கு எடை எல்லை 147 இறாத்தல். எல்லைக்குள் வருவதற்காகச் சிலர் நாள் முழுக்க வாய் நனைக்காமல் வியர்வை சிந்திக் கன்னம் ஒட்டிப்போய் வருவார்கள், மறுநாளைக்குள் பல இறாத்தல் திரும்ப ஏறிவிடும். உள்ளபடியே கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தராசுதான். டைசன் – போலுக்கு அப்படி இளைக்க வேண்டிய தேவை இல்லாததால் அங்கே காட்ட ஒன்றும் இருக்கவில்லை, அந்த அறைதான் உலகம் முழுக்கச் சுற்றியது.

இந்தச் சண்டைக்குத் தனிக் கட்டணம் இல்லையே என்று கேட்பீர்கள். சரி, சண்டையைக் காட்டிய நெட்ஃபிளிக்ஸுக்குச் சந்தாவும் பார்வையாளர் தொகையும்தான் காசு. 6 கோடி வீடுகள் பார்த்ததாக அவர்களே அறிவித்தார்கள். படம் உங்கள் லயத்தில் மட்டும் சுற்றவில்லை தம்பி, அமெரிக்காவிலேயே சுற்றியது.

இந்தப் பெரிய சண்டைகள் எல்லாம் நமக்கு ஏன் காலையிலேயே வருகின்றன?
– ஒரு வாசகர், பண்டாரவளை

அமெரிக்காவில் ஆட்கள் வேலை முடிந்து வீட்டில் உட்காருகிற இரவு நேரத்துக்காக வைக்கிறார்கள், அப்போது நமக்கு மறுநாள் காலை. நமக்காவது பரவாயில்லை. 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி அலியும் ஃபோர்மனும் ஆபிரிக்காவில் கின்ஷாசா நகரில் மோதியபோது, அமெரிக்க இரவுக்குப் பொருந்த வேண்டும் என்று அந்த ஊர் நேரம் விடிகாலை 4 மணிக்குத் தொடங்கினார்கள். சொந்த ஊரில் நடக்கிற சண்டைக்கு அந்த மக்கள் இரவு முழுக்கக் கண்விழித்துக் கிடந்தார்கள்.

ஐயா, நான் கொழுந்து பறிக்கிறவள். ஒன்பதாம் ஆண்டு படிக்கிற மகன் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தம்பியோடு மூக்கோடு மூக்கு வைத்து முறைக்கிறான், போன கிழமை பளாரென்று அறைந்தும் விட்டான். போனைப் பிடுங்கி வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பிடுங்க வேண்டாம் தங்கச்சி. அவன் பார்த்தது முன்பாதி மட்டும், பின்பாதியையும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். கடைசிச் சுற்று முடியப் போகிற நேரத்தில் ஜேக் போல் சண்டையை நிறுத்திவிட்டு டைசனுக்குத் தலை குனிந்து வணக்கம் வைக்கிறான். அந்தச் சில விநாடியை அவன் இரண்டு மூன்று தரம் பார்க்கட்டும்.

பகையைக் காட்டினால் சண்டை விற்கும் என்பதற்காக ஊட்டுகிற பகை சில நேரம் உண்மையாகவே தங்கிவிடும், எனக்கு அந்தப் பயம் உண்டு. முகமது அலியை நான் உயிராக நேசிக்கிறவன். ஆனாலும் 1975இல் மணிலா சண்டைக்கு முன்னால் அவர் ஜோ ஃபிரேசியரைக் கொரில்லா என்று கேலி செய்து, கையில் கொரில்லாப் பொம்மையோடு கெமராக்களுக்கு முன்னால் நின்றதை என்னால் ஏற்க முடியாது. எல்லாரும் சிரித்தார்கள். ஃபிரேசியரின் பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். அலி பல வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டார், ஆனால் ஃபிரேசியர் அந்தக் காயத்தை நெடுங்காலம் சுமந்தார்.

1997இல் டைசன் – ஹோலிஃபீல்ட் சண்டையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் சித்தப்பா டிவி பெட்டரியைச் சாக்கை மடித்துத் தோளில் வைத்து, மூன்று மைல் நடந்து டவுனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார். அப்போது எங்கள் லயத்துக்குக் கரண்ட் இல்லை. இரவுச் செய்தியில் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள், ஒரு குத்துக்கூடக் காட்டவில்லை. அவர் எழுந்து போய்ப் பெட்டரி வயரைக் கழற்றியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மகனுக்கும் கிடைத்திருப்பது அந்தக் காது மட்டும்தான். ஆசை உண்மையானால் காலையில் எழுந்து ஓடச் சொல்லுங்கள், கயிறு அடிக்கச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரிடம் பேசுங்கள். 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிகஸ் இந்த நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தது குத்துச்சண்டையில்தான், அதையும் சொல்லுங்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வைக்க மறந்துவிடாதீர்கள்.

என் கூட்டாளி டைசன்தான் வெல்லுவார் என்று பத்தாயிரம் கட்டித் தோற்றுவிட்டான். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த சண்டையில் எடுத்துவிடலாம் என்கிறான்.
– ஒரு வாசகர், ஹட்டன்

எடுக்க முடியாது. 2024இல் நாள் சம்பளம் 1350 ரூபாய், பத்தாயிரம் என்றால் ஏழு எட்டு நாள் பேர். அமெரிக்காவில் பந்தயம் பிடிக்கிற கம்பெனிகள் எல்லாம் போல்தான் வெல்லுவான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தன, நம் போனுக்கு வந்த வீடியோக்கள்தான் டைசனை வெல்ல வைத்தன. இரண்டு பேரும் சமம் என்று நம்ப வைப்பதுதான் அந்த வீடியோக்களின் வேலை, அதை நம்பிக் காசு கட்டக் கூடாது. இன்றைக்கே வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள்.

அன்றைக்கு இரண்டு பெண்கள் சண்டை போட்டார்களாமே? நாங்கள் குசினியில் எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம், வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி முன்னால் ஏன் யாரும் சொல்லவில்லை?
– உயர்தர மாணவி, மஸ்கெலியா

சொன்னார்கள் மகள், டைசனுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு மூலையில். அன்றைய உண்மையான சண்டை அதுதான். அயர்லாந்தின் கேட்டி டெய்லரும் புவர்ட்டோ ரிக்கோவின் அமண்டா செரானோவும். 2022இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் இவர்கள் முதல் தடவை மோதியபோது, அந்த அரங்கில் பெண்கள் சண்டை பிரதான சண்டையாக அமைந்தது அதுவே முதல் முறை. டெய்லர் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்குள் வந்ததே அந்த வருடம்தான். மணிப்பூரின் மேரி கோம் வெண்கலம் வென்றதும் அங்கேதான்.

டைசன் சண்டையன்று நடந்த இந்த இரண்டாவது மோதல் பத்துச் சுற்று. தலைகள் மோதிச் செரானோவின் கண்ணுக்கு மேலே வெட்டு விழுந்து இரத்தம் வழிந்தது, அவர் நிறுத்தவில்லை. தலை மோதியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். கடைசியில் மூன்று நடுவர்களும் டெய்லருக்கு 95 – 94. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், அரங்கில் பாதிப் பேர் கத்தினார்கள். எனக்கும் செரானோ வென்றதாகத்தான் பட்டது. திரும்பப் பார்க்கக் கிடைத்தால் இதை மட்டும் போட்டுப் பாருங்கள், அன்றைக்கு டீயை அண்ணன்மார் ஊற்றட்டும்.