பீரோவில் பூட்டிய நாவல்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வகுப்பில் எப்போதும் முதல் இடம். நீட் பயிற்சிக்கும் போகிறாள். கொஞ்ச நாளாக 'கிரேஸ்லிங்' என்ற தடித்த ஆங்கில நாவலும் கையுமாகத் திரிகிறாள். ஏதோ விசேஷ சக்தி படைத்தவர்களைப் பற்றிய மாயாஜாலக் குப்பை. பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளுடைய திறமையை இப்படி வீணடிக்க விடலாமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: பூட்டியதும் ஒருவகையில் நல்லதுதான். சாவி உங்களிடம் இருக்கிறது, இன்று ராத்திரியே எடுத்து ஒரு நூறு பக்கம் படித்துவிடுங்கள். குப்பை என்கிறீர்களே தவிர, கதை என்னவென்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லையே!

கிறிஸ்டின் காஷோர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் நாவல் இது. 2008இல் வந்தது. கதை நடப்பது ஏழு ராஜ்யங்களில். அங்கே சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக மாறும். அவர்களுக்கு ஏதோ ஒரு திறமை அபாரமாக வாய்த்திருக்கும். நீச்சலாக இருக்கலாம், சண்டையாக இருக்கலாம், அடுத்தவர் மனதைப் படிப்பதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை பெரும்பாலான ராஜ்யங்களில் அரசனுக்குச் சொந்தம். பெற்றவர்கள் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். பயன்படுகிற திறமை என்றால் அரசன் வைத்துக்கொள்வான். இல்லையென்றால் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவான். (ரிசல்ட் கெட்டுவிடும் என்று பத்தாம் வகுப்பிலேயே டிசியைக் கையில் கொடுக்கும் பள்ளிகளை உங்களுக்குத் தெரியாதா என்ன?)

நாயகி காட்ஸா எட்டு வயதில், தன்மேல் கை வைக்க வந்த ஒருவனை ஒரே அடியில் கொன்றுவிடுகிறாள். கொல்வதுதான் இவள் திறமை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள், அவளும் நம்பிவிடுகிறாள். ராண்டா என்ற அரசன், தனக்கு அடங்காதவர்களின் கையைக் காலை ஒடிக்க அவளை அனுப்புகிறான். வளர்த்து ஆளாக்கியவன் அல்லவா, கேட்க யார் இருக்கிறார்கள்?

நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லிஸ் என்று ஒரு பிரபு. அரசன் கைகாட்டும் ஆளுக்கு மகளைக் கட்டிக்கொடுக்க மறுக்கிறார். இவரை அடித்து வழிக்குக் கொண்டுவரக் காட்ஸா போகிறாள். மகள்களின் முடிவு மகள்களுடையது என்று நிற்கும் அந்த மனிதரைத் தொட அவளால் முடியவில்லை. திரும்பி வந்து அரசனின் முகத்துக்கு நேரே 'இனி உனக்காக இதைச் செய்யமாட்டேன்' என்கிறாள். அரண்மனையைவிட்டும் வெளியேறுகிறாள். அவளுடைய உண்மையான திறமை கொலையே இல்லை, வேறொன்று. அது தெரியவருவது அதற்கப்புறம்தான். என்னவென்று இங்கே சொன்னால் உங்கள் மகள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசி வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அதை ராண்டா கேட்டிருந்தாலும் ஒரு வார்த்தை மாறியிருக்காது.

குறையில்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். அரசர்களில் முக்கால்வாசிப் பேர் அட்டைப் பொம்மைகள். ஆனால் லெக் என்று ஒரு அரசன் வருகிறான், அவன் ஒருவனே போதும். அவன் வாயிலிருந்து வருவதை யாராக இருந்தாலும் நம்பித்தான் ஆக வேண்டும், அதுதான் அவன் சக்தி. கொடுமைக்காரன் என்று தெரிந்தவர்களும் அவன் குரலைக் கேட்டதும் தலையாட்டுகிறார்கள். நாட்டு நடப்பைப் புரிந்துகொள்ள, பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

இந்த வரிசையில் 'ஃபயர்' 2009இலும் 'பிட்டர்புளூ' 2012இலும் வந்திருக்கின்றன. முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்து இவற்றைக் கேட்பாள். வாங்கிக் கொடுங்கள். 'பிட்டர்புளூ'வில் லெக் செய்துவிட்டுப் போன கொடூரங்கள் வெளியே வருகின்றன, கனமான புத்தகம். அதை மட்டும் நீங்களும் கூடவே படித்தால், ராத்திரி அவள் ஏதாவது கேட்கும்போது பதில் சொல்ல முடியும்.