பெட்டியில் 100 வாட், வீட்டில் அதில் பாதிகூட இல்லை: பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் சிறிய ஸ்டீரியோ பவர் அம்ப்ளிஃபயர் ஒன்றை 48,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் ‘100 வாட் + 100 வாட்’ என்று இருக்கிறது. என் ஸ்பீக்கர்கள் 8 ஓம் மின்தடை, 84 டெசிபெல் உணர்திறன் என்று வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிப் படமும் அனுப்பினேன். “உங்கள் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் 100 வாட் தாராளமாக வரும் சேர்” என்று பதில் வந்தது. எங்கள் வீட்டுக் கூடம் விறாந்தையோடு திறந்தது. சத்தத்தைக் கூட்டினால் தவில் விழும் இடமெல்லாம் கிழிந்து கேட்கிறது. சில வேளை அம்ப்ளிஃபயர் தானாகவே நின்றுவிடுகிறது. இரண்டாவது வாரமே கடைக்கு அறிவித்தேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, “பொருளில் பிழையில்லை, பெரிய அடாப்டர் போட்டுப் பாருங்கள்” என்று திருப்பித் தந்தார்கள். பணத்தைக் கேட்டால் பில்லின் அடியில் ‘விற்ற பொருட்கள் மீளப்பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். வாங்கிப் பத்து வாரம் ஆகிறது. எனக்குச் சட்டத்தில் வழி உண்டா? இனி வாங்கினால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? அடாப்டரின் படத்தையும் இணைத்திருக்கிறேன். அம்ப்ளிஃபயரை இன்னும் தினமும் போட்டுக் கேட்கிறேன்.

பதில்: ஐயா, வழி உண்டு. ஆனால் அந்த வழியின் கதவு இன்னும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் மூடிவிடும். அதனால் மற்றதையெல்லாம் பின்னுக்கு வைத்து முதலில் இதைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனை பற்றிய முறைப்பாட்டை அந்த அதிகார சபையிடம் எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து கணக்கில்லை. கடையிலிருந்து பொருள் திரும்பி வந்த நாளிலிருந்தும் இல்லை. விற்ற நாளிலிருந்து. கடைக்காரர் வைத்திருந்த மூன்று வாரமும் உங்கள் காலத்திலிருந்துதான் போயிருக்கிறது. “அடுத்த கிழமை வாங்க, முதலாளி வந்ததும் கதைப்போம்” என்று இன்னொரு முறை சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, எதை முன்வைத்து வாதாடுவது. “ஒலி நன்றாக இல்லை” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் விசாரணையன்று கடைக்காரர் அம்ப்ளிஃபயரை மேசையில் வைத்து, அளவான சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார். அது நன்றாகத்தான் கேட்கும். சாதாரணமாகக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது சில வாட் மட்டுமே. எந்த அம்ப்ளிஃபயரும் அதைச் செய்துவிடும். காது சொல்வதை வைத்து வழக்குப் பேசினால் முடிவே வராது. எண்ணைப் பேசுங்கள். அந்த எண்ணைப் பெட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதியது அவர்கள்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அடாப்டரின் அடியில் 24 வோல்ட், 4 அம்பியர் என்று தெளிவாக இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 96 வாட். அந்த அடாப்டர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சேர்த்து 200 வாட் தரும் என்று விற்ற அம்ப்ளிஃபயருக்குள் 96 வாட்தான் போகிறது. அதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். இந்தச் சிறிய பெட்டிகளில் இருக்கும் டி வகுப்புச் சுற்றுகள் சிக்கனமானவை என்றாலும், உள்ளே போவதைவிடக் கூடுதலாக வெளியே தர எந்தச் சுற்றாலும் முடியாது. தானாகவே நின்றுவிடுகிறது என்றீர்களே, தன் எல்லையைத் தாண்டி இழுக்கும்போது அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்வதற்காக நின்றுவிடுவதற்கு மிகவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு கணக்கும் உங்கள் பக்கம் நிற்கிறது. உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாவிட்டால், 24 வோல்ட்டில் ஓடும் அம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல், அதாவது ஒலி கிழியாமல், தரக்கூடியது உச்சமாக 36 வாட். 24ஐ 24ஆல் பெருக்கி, 8 ஓமின் இரட்டிப்பான 16ஆல் வகுத்தால் வருவது அது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலும் 72 வாட்டுக்கு மேல் போகாது. அப்படியானால் 100 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சிப் தயாரிப்பாளர் பத்து வீதச் சிதைவை அனுமதித்து, குறைந்த ஓமில், இதைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் கொடுத்த எண்ணைப் பெட்டி செய்தவர்கள் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் புதியதல்ல. ஊதிப் பெருத்த வாட் கணக்குகள் பெருகியதால்தான் அமெரிக்காவில் 1974இலேயே வீட்டு அம்ப்ளிஃபயர்களின் வாட்டை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று தனி விதி கொண்டுவந்தார்கள். அந்த விதி இங்கே செல்லாது. ஆனால் “எல்லாக் கம்பனியும் இப்படித்தான் சேர் போடுறது” என்று கடைக்காரர் சொன்னால், அது அவருக்கு ஒரு சாட்டு ஆகாது.

பெரிய அடாப்டர் போடும் ஆலோசனையை ஏற்க வேண்டாம். அதே 24 வோல்ட்டில் 10 அம்பியர் அடாப்டர் வாங்கினால் தானாக நிற்பது குறையலாம். 36 வாட் என்ற எல்லை அப்படியே இருக்கும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது வோல்ட். வோல்ட்டைக் கூட்டினால் சுற்று எரியக்கூடும். எரிந்தால் கடைக்காரர் சொல்லப்போகும் முதல் வார்த்தை, “நாங்கள் தந்த அடாப்டரை நீங்கள் மாற்றிவிட்டீர்கள்” என்பதுதான்.

இனிச் சட்டம். நமது பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம். பழையது, ஆனால் உங்கள் விடயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. ‘100 வாட் + 100 வாட்’ என்பது விவரம். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்கு நியாயமாகப் பொருந்த வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. நீங்கள் ஓமையும் டெசிபெல்லையும் எழுதிக் கேட்டதுதான் இங்கே உங்களுடைய பலம். உணர்திறன் குறைந்த, அதாவது ஒரே வாட்டுக்குக் குறைவான சத்தம் தரும் ஸ்பீக்கரும் திறந்த கூடமும் இருப்பவர் 100 வாட் கேட்டது நியாயமான காரணத்தோடு என்பதும் அதில் வெளிப்படுகிறது.

கடைக்காரரின் சட்டத்தரணி அந்த 15ஆம் பிரிவிலேயே இரண்டு ஓட்டைகளைத் தேடுவார். ஒன்று, வாங்குபவர் ஒரு பொருளை அதன் வியாபாரப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. நீங்கள் மொடல் பெயரைச் சொல்லிக் கேட்டீர்களா, அல்லது “என் ஸ்பீக்கருக்கு எது சரி” என்று கேட்டு அவர்கள் காட்டியதை எடுத்தீர்களா என்பது முக்கியம். உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் இரண்டாவது விதமாகவே போகிறது. அதன் தொடக்கத்தை அழித்துவிடாதீர்கள். மற்றது, வாங்கும்போது நீங்களே பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய பிழையைப் பிறகு சொல்ல முடியாது. கடையில் போட்டுக் கேட்டிருப்பீர்கள், சரி. ஆனால் கடைக்குள் கொஞ்ச நேரம் கேட்டதில் 36க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதோடு 14ஆம் பிரிவின் ‘விவரம்’ என்ற அடிப்படைக்கு இந்த இரண்டு ஓட்டைகளும் இல்லை. ஆகவே முறைப்பாட்டில் அதை முதலில் வையுங்கள்.

பில்லின் அடியில் உள்ள வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பணம் கட்டிய பிறகு கையில் தரும் கடதாசியில் இருக்கும் நிபந்தனையை, பணம் கட்டும் முன்பே நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் காட்டுவது கடினம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த வரியைக் காட்டலாம். சொன்ன பொருளைத் தராத இடத்தில் அது கடைக்காரரைக் காப்பாற்றாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரத்தைச் சட்டம் அதிகார சபைக்குக் கொடுத்திருக்கிறது. கடை அச்சடித்த ஒரு வரி அந்த அதிகாரத்தை எடுத்துவிடாது.

உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. பொருளை மறுக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். ஏற்றுக்கொண்டபின் முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது கடினமாகி, பெறுமதி வித்தியாசத்தை நட்டஈடாகக் கேட்கும் நிலை வரும். இரண்டாவது வாரமே அறிவித்ததும், கடை மூன்று வாரம் வைத்திருந்ததும் உங்களைக் காக்கின்றன. ஆனால் இன்னும் தினமும் போட்டுக் கேட்கிறேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள் ஐயா. பெட்டியில் வைத்து மூடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எல்லையைத் தாண்டி ஓடும் அம்ப்ளிஃபயரின் வெட்டுண்ட ஒலி, ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரை எரித்துவிடக்கூடும். ஏற்கெனவே அப்படி ஏதும் பழுதாகியிருந்தால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்கிய திகதி, விலை, பெட்டியில் உள்ள எண், அவர்கள் வாட்ஸ்அப்பில் சொன்ன வார்த்தை, அடாப்டரின் எண், பொருளை மறுக்கிறேன் என்ற ஒரு தெளிவான வாக்கியம், பணத்தைத் திருப்பித் தர ஏழு நாள் அவகாசம். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்த ஏழு நாள் முடியட்டும் என்று முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒன்றாகப் போகட்டும். முறைப்பாட்டை அதிகார சபையின் மட்டக்களப்பு மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். 1977 என்ற அவர்களுடைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. ஆங்கிலத்தில் எழுதித் தர யாருக்காவது காசு கொடுக்கத் தேவையில்லை.

பில், வாரண்டி அட்டை, பெட்டியின் படம், அடாப்டரின் படம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். மூலங்களைக் கையைவிட்டு விடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான செய்திகளைச் சான்றாக ஏற்க இடம் தருகிறது. படமெடுத்து வைத்தாலும் அதே போனில் மூல உரையாடலும் இருக்க வேண்டும்.

தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் அளந்து கடிதம் வாங்கினால் இன்னும் பலம். இதில் இரண்டு விடயம் கவனம். அம்ப்ளிஃபயரின் கூட்டைத் திறக்கக் கூடாது. வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும். அடுத்தது, இந்த வகை அம்ப்ளிஃபயர் பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை பூமி முனை அல்ல. அளக்கும் கருவியான ஒசிலோஸ்கோப்பின் பூமிக் கிளிப்பை அங்கே மாட்டினால் சுற்று எரியலாம். அளப்பவருக்கு இது தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் அளக்கவே வேண்டாம், அடாப்டரின் 96 வாட் கணக்கு போதும்.

விசாரணையில் கடைக்காரரையும் கேட்டபின், நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றை அதிகார சபை உத்தரவிடலாம். தவறாக வழிநடத்தும் நடத்தையும், பொருளுக்கு இல்லாத திறனை இருப்பதாகச் சொல்வதும் அதே சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகளில் தனியாகத் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அதற்காக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தண்டம் விதித்தால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் 48,500 ரூபாய்க்கு வழி 13ஆம் பிரிவு. கோரிக்கையில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

மூன்று மாதம் தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் சிவில் வழக்கு இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் வராமல் அதற்கான சான்றிதழ் கிடைத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். மத்தியஸ்த சபை நல்ல இடம், செலவும் இல்லை. ஆனால் இருவரும் சம்மதித்தால்தான் அங்கே தீர்வு.

உங்கள் இரண்டாவது கேள்வி. 8 ஓமில் ஒரு பக்கம் உண்மையான 100 வாட் வேண்டுமென்றால் உச்சத்தில் 40 வோல்ட் தேவை. ஆகவே 24 வோல்ட் அடாப்டரோடு வரும் எதையும் அதற்காகப் பார்க்க வேண்டாம். 48 வோல்ட், 5 அம்பியர் போன்ற அடாப்டரோடு வருவதைப் பாருங்கள். அது 240 வாட், இரண்டு பக்கத்துக்கும் கணக்கு ஒத்துவரும். அடாப்டர் விலைக்குள் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். அப்புறம் பில்லில் மொடல் பெயரோடு இந்த வரியை எழுதித் தரச் சொல்லுங்கள்: “8 ஓமில், இரு பக்கமும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, 1 வீதத்துக்குக் குறைந்த சிதைவில், ஒரு பக்கம் தொடர்ச்சியாக 100 வாட்.” கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. இந்த வரியை எழுத மறுப்பவர் என்றால் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.